தணிகாசலம் சார் கேட்ட டிரா

"செக்," என்றார் தணிகாசலம் சார்.

யானையை வைத்த கையை அவர் உடனே எடுக்கவில்லை. அதன் தலையில் ஒரு விரலை வைத்து, கட்டத்தின் நடுவுக்கு நகர்த்தி, ஸ்டாம்பு ஒட்டுகிற மாதிரி ஒரு அழுத்து அழுத்தினார். பிறகு என்னைப் பார்த்து, "டிரா பண்ணிக்கலாம்மா," என்றபடி கடிகாரத்தைத் தட்டினார்.

தட்டிவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். கேள்வி கேட்டவர் மாதிரி இல்லை. பதிலையும் வாங்கி வைத்துக்கொண்டவர் மாதிரி இருந்தார்.

வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி அரங்கம். ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம். ஏழு சுற்றுப் போட்டியில் கடைசிச் சுற்று. காலையில் நூற்றுக்கணக்கான பலகைகளில் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்த யுத்தம், இப்போது இருபது முப்பது மேசைகளில்தான் மிச்சம். முடித்தவர்கள் பின்வரிசையில் பொட்டலம் பிரித்து எலுமிச்சை சாதம் தின்றுகொண்டிருந்தார்கள். அந்த வாசனை மின்விசிறியில் சுற்றி என் மேசை வரை வந்தது. வெளியே பெங்களூர் சாலையில் லாரிகள் போகும்போது ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது.

எனக்கும் அவருக்கும் ஒரே புள்ளி. நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் பிரிவில் மூன்று கோப்பைகள். எங்கள் பிரிவில் மற்ற எல்லோருடைய ஆட்டமும் முடிந்து, முடிவைச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். கணக்கு எளிது. டிரா செய்தால் எங்கள் இருவருக்கும் கோப்பை உண்டு. ஜெயித்தால் முதல் கோப்பை. தோற்றால் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அதுவரை என் வாழ்க்கையில் நான் ஒரு கோப்பை கூட வாங்கியதில்லை. டீ குடிக்கிற கோப்பையைத் தவிர.

போன வாரம் நான் இங்கே எழுதிய, கம்பெனி கேன்டீனில் பாம்பு புகுந்த கதையைப் படித்துவிட்டு நாலைந்து பேர், "அக்கா, நடுவுல செஸ் ஆடறேன்னு ஒரு வரி எழுதியிருந்தீங்களே, நெசமாவா?" என்று கேட்டிருந்தார்கள். நிஜம்தான். ஆனால் ஒரு வரியில் அடங்குகிற விஷயம் இல்லை. தணிகாசலம் சார் தண்ணீர் குடிக்கட்டும். அதற்குள் நான் அந்த மேசைக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

குழந்தை எங்கம்மா?

எனக்கு செஸ் தெரிந்தது முப்பத்தைந்து வயதுக்கு மேல். கற்றுக்கொண்டேன் என்று சொல்வதைவிட ஒட்டிக்கொண்டது என்று சொல்வதுதான் சரி.

என் மகள் யாழினி மூன்றாவது படிக்கும்போது ஆவடியில் ஒரு வீட்டு மாடியில் செஸ் வகுப்பில் சேர்த்தேன். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம். நாங்கள் இருப்பது அண்ணனூரில். விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் திரும்பி வருவதற்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம். மாடிப்படிக்குக் கீழே, செருப்பு விடுகிற இடத்தில், அம்மாக்கள் நாலு பேர் உட்கார்ந்திருப்போம். மற்றவர்கள் நாத்தனார் கதை பேசுவார்கள். நான் யாழினியின் பையைத் துழாவி, அவளுக்குக் கொடுத்த வீட்டுப்பாடத் தாளை எடுத்துப் பார்ப்பேன். 'வெள்ளை ஆடி, இரண்டு நகர்த்தலில் மேட்.'

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குள் நடந்தால் ரப்பர் வாஷர் செய்கிற ஒரு சின்ன கம்பெனி. அதில் நான் இன்ஸ்பெக்‌ஷன். பூதக்கண்ணாடி பொருத்திய விளக்குக்குக் கீழே நாள் முழுக்க வாஷர்களைப் புரட்டிப் பார்க்க வேண்டும். முடி அளவு வெடிப்பு, கடுகு அளவு குமிழி, எது இருந்தாலும் தனியே போட வேண்டும். கொஞ்ச நாள் பழகினால், நூறு நல்லதுக்கு நடுவே இருக்கிற கெட்டது தானாகவே கண்ணைக் குத்தும். செஸ் புதிர்களும் எனக்கு அப்படித்தான் இருந்தன. பார்த்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டம் கண்ணைக் குத்தியது.

யாழினி எட்டாவது படிக்கும்போது ஒரு போட்டியில் வரிசையாகத் தோற்றாள். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இதோட எனக்கு செஸ்ஸு வேணாம்மா. உனக்குப் புடிச்சிருந்தா நீயே ஆடிக்கோ," என்றாள்.

கோபத்தில் சொன்னதுதான். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டேன்.

முதல் போட்டிக்குப் போனபோது, பெயர் எழுதிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்து, "குழந்தை எங்கம்மா? பேர் சொல்லுங்க," என்றாள்.

"நான்தான்மா குழந்தை. பேரு தேவகி," என்றேன்.

அன்றைக்கு என்னை முதல் சுற்றில் தோற்கடித்தவள் முன்பல் இரண்டும் விழுந்த ஒரு சிறுமி. நாற்காலியில் முட்டி போட்டு உட்கார்ந்தால்தான் அவளுக்குப் பலகை எட்டும். மேட் சொல்லிவிட்டு, "ஆன்ட்டி, நீங்க நல்லா ஆடினீங்க," என்று ஆறுதல் வேறு சொன்னாள்.

என் வீட்டுக்காரர் ஏழுமலை அண்ணனூர் ரயில் ஷெட்டில் ஒப்பந்தத்தில் எலெக்ட்ரீஷியன். "தோத்துகினு வர்றதுக்கு ஒரு ஞாயித்துக்கெழமையா தேவி? ஊட்லயே என்னாண்ட சண்ட போட்டுத் தோக்கலாமே," என்பார். ஆனால் காலையில் வண்டியைத் துடைத்து, திருவேற்காடு வழியாகக் கொண்டுவந்து விடுகிறவரும் அவர்தான்.

கம்பெனியில் சனிக்கிழமை லீவு கேட்டால் சூப்பர்வைசர், "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்பார். "யாருக்கும் ஒண்ணும் இல்ல சார். செஸ் ஆடப் போறேன்," என்பேன். நிஜமான காரணத்தை நான் இனிமேல்தான் சொல்லப் போகிறேன் என்று நினைத்து, அவர் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருப்பார்.

ஆட்டத்தில் ஒவ்வொரு நகர்த்தலையும் தாளில் எழுத வேண்டும். நான் தமிழில் எழுதுவேன். யானைக்கு 'யா', குதிரைக்கு 'கு'. ஒரு முறை நடுவர் வந்து தாளைத் தூக்கிப் பார்த்து, "இது இன்னாம்மா?" என்றார். "யானை சார்," என்றேன். விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு வந்து, "எழுதலாம், எழுதலாம்," என்று திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கு அந்த ஆட்டத்திலும் தோற்றேன். ஆனால் தமிழில் தோற்றேன்.

சரிங்க

தணிகாசலம் சாரை முதல் முறை எதிரில் பார்த்தது இதற்கு மூன்று வருஷம் முன்பு. பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி. முந்தின நாள் நடந்த கல்யாணத்தின் சாமந்தி இதழ்கள் மேசைக்கு அடியில் கிடந்தன.

சார் அந்த ஊர்க்காரர். அறுபதை நெருங்குகிற வயது. சொந்தமாக ஹார்டுவேர் கடை. நசரத்பேட்டைப் பக்கம் அவர்கள் குடும்பத்துக்கு ஒரு காலத்தில் ஏக்கர் கணக்கில் நிலம் இருந்தது என்று சொல்வார்கள். இப்போது அங்கெல்லாம் குடோனும் ஹாஸ்டலும். இந்த வட்டாரத்தில் எந்த ஊரில் போட்டி நடந்தாலும் வருவார். ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் ரேட்டிங். எங்களைப் போன்றவர்கள் மத்தியில் அது பெரிய படிப்பு படித்த மாதிரி. நல்ல மனிதர். பேனா மறந்தவர்களுக்குக் கொடுப்பதற்காகவே சட்டைப் பையில் நாலு பேனா வைத்திருப்பார். பெண்கள் யாராக இருந்தாலும் "வாம்மா, போம்மா" என்றுதான் பேசுவார். அதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது.

அந்த ஆட்டத்தில் எனக்கு ஒரு சிப்பாய் அதிகம். அவர் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"டிரா எடுத்துக்கம்மா. உனக்கு நல்லது."

"சரிங்க," என்றேன்.

அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்து விழுந்ததை நான் யாரோ பேசினதைப் போலக் கேட்டேன். யோசித்து வந்த சொல் இல்லை. கை குலுக்கி, தாளில் கையெழுத்துப் போட்டு, எழுந்து வெளியே வந்து பைப்பில் முகம் கழுவும்போதுதான் அது யாருடைய குரல் என்று எனக்குப் பிடிபட்டது.

அது எங்கப்பாவின் குரல்.

எங்கப்பா நசரத்பேட்டையைச் சுற்றியிருந்த வயல்களில் கூலி வேலை செய்தவர். அப்போது எனக்கு ஐந்தாறு வயது. வரப்பு மேலிருந்து யாராவது அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், முதலில் "சரிங்க" என்பார். என்ன வேலை, எந்த வயல், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். கேள்விக்கு முன்னால் பதில். நிலமெல்லாம் பிளாட்டான பிறகு கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக நின்று எங்களைப் படிக்க வைத்தார். நான் டிப்ளமோ முடித்து, வேலைக்குப் போய், என் சம்பளத்தில் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வாங்கிக் கொடுத்தவள். அந்தச் சொல்லை வயல் வேலையோடு அப்பா விட்டுவிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன்.

தணிகாசலம் சார் மேல் தப்பு சொல்ல முடியாது. நான் யாருடைய மகள் என்று அவருக்குத் தெரியாது. அப்பா வேலை செய்தது அவர்கள் வயலிலா, வேறு யாருடையதிலா என்பதும் எனக்குத் தெரியாது. அவர் கேட்டது ஒரு ஆட்டத்தில் யாரும் கேட்கிற டிரா. அதற்கு நான் வரப்புக்குக் கீழே நின்று பதில் சொல்லியிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் யாழினி தாளை வாங்கி, என் 'யா'வையும் 'கு'வையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே, ஆட்டத்தை போனில் ஏற்றிப் பார்த்தாள்.

"மா, நீ ஜெயிச்சிருக்கேமா."

"இல்லடி. டிரா."

"அதான் சொல்றேன். ஜெயிச்சாச்சு. நீதான் வுட்டுட்டு வந்துகீறே."

டிரா தேவகி

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அதற்குப் பிறகும் கேட்டவர்களுக்கெல்லாம் டிரா கொடுத்துக்கொண்டிருந்தேன். பேங்க் ஆபீசர் கேட்டார், கொடுத்தேன். காலேஜ் பையன் கேட்டான், கொடுத்தேன். திங்கட்கிழமை கம்பெனியில் என் பக்கத்து மேசை சாந்தி, "இன்னா, டிராவா?" என்று கேட்பதும் நான் தலையாட்டுவதும் வழக்கமாயிற்று. 'டிரா தேவகி' என்று பெயரே வைத்துவிட்டாள்.

ஏழுமலைக்குப் பொறுக்கவில்லை. "அதெப்படி, கேட்ட ஒடனே குடுத்துருவியா நீ? ஊட்ல நான் ஒரு டீ கேட்டா ஒடனே வருதா?"

சிரித்தேன். ஆனால் அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

ஒரு நாள் ரயிலில் உட்கார்ந்து என்னை நானே இன்ஸ்பெக்‌ஷன் செய்தேன். எங்கே வெடிப்பு? மரியாதைக்காக மட்டும் கொடுக்கிறேனா? இல்லை. பலகையில் காய்கள் நிறைய இருக்கும்போது நான் யாருக்கும் பயப்படுவதில்லை. காய்கள் குறைந்து, ராஜாவும் நாலு சிப்பாயும் மட்டும் மிஞ்சும்போதுதான் பயம் பிடிக்கும். அந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் யாராவது "டிரா" என்றால், தீப்பிடித்த கட்டடத்தில் கதவைக் காட்டின மாதிரி ஓடிவிடுகிறேன். 'சரிங்க' வருவது அந்தத் தெரியாமையில் இருந்து.

தெரிந்துகொள்ள முடியும், இல்லையா?

மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டு இடைவேளையில் வேலை ஆரம்பித்தது. வாஷர் பெட்டியில் ஒட்டுகிற ரிஜெக்ட் அட்டையின் பின்பக்கம் எட்டுக்கு எட்டு கட்டம் போட்டேன். கழித்துப் போட்ட பெரிய வாஷர் ராஜா, சின்ன வாஷர் சிப்பாய். வெள்ளைக்குச் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு.

"இன்னாடி இது, வாஷர வெச்சிகினு பாண்டி ஆடறே?" என்றாள் சாந்தி.

"ராஜா எத்தினி அடில அங்க போவும்னு எண்றேன்."

"எண்ணி?"

"எண்ணிட்டா பயம் போயிடும்."

அவளும் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தாள். விதிகள் அவளுக்கு முழுசாகத் தெரியாது. ஆனால், "உன் ராஜா போறதுக்குள்ள அவன் ராஜா வந்துருவான் பாரு" என்று சரியாகச் சொல்வாள். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படி. ராஜாவும் சிப்பாயும், ராஜாவும் சிப்பாயும். பிறகு யானைகள். சாம்பார் கறை படிந்து நாலு அட்டை மாற்றினோம்.

இந்த வேலப்பன்சாவடிப் போட்டிக்கு வரும்போது நான் அப்படிப்பட்ட ஆள். ஆனால் அது தணிகாசலம் சாருக்குத் தெரியாது. எனக்கே கூடச் சரியாகத் தெரியாது.

மூணு அடி, அஞ்சு அடி

அவர் பாட்டிலை மூடிக் கீழே வைத்தார்.

பலகையில் ஆளுக்கு ஒரு யானை. வலது பக்கம் இருவருக்கும் மும்மூன்று சிப்பாய்கள் முட்டிக்கொண்டு நின்றன. இடது ஓரத்தில் எனக்கு மட்டும் தனியாக ஒரு சிப்பாய். அவருடைய யானை பக்கவாட்டிலிருந்து என் ராஜாவுக்கு செக் கொடுத்துக்கொண்டிருந்தது. ராஜாவை நகர்த்தினால் அடுத்த பக்கம் போய் மறுபடி செக் கொடுப்பார். நகர்த்திக்கொண்டே இருக்கலாம். அதைத்தான் அவர் டிரா என்கிறார்.

"சரிங்க" என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பொய் சொல்ல மாட்டேன். கையைக் கூட லேசாக நீட்டப் போனேன். நீட்டினால் குலுக்குவார், இருவருக்கும் கோப்பை, ஷெட்டில் வேலை முடிந்ததும் ஏழுமலை வண்டியோடு வாசலுக்கு வந்துவிடுவார்.

கையை மடியில் வைத்துக்கொண்டேன். என் கடிகாரம்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஓடட்டும். எண்ண ஆரம்பித்தேன்.

ராஜாவுக்கு முன்னால் என் யானையைக் குறுக்கே வைத்தால் என்ன? செக் நிற்கும். அவர் யானையால் என் யானையை வெட்டலாம், நான் ராஜாவால் அதை வெட்டுவேன். யானைகள் இரண்டும் போய்விடும். பலகையில் ராஜாக்களும் சிப்பாய்களும்தான். எந்த இடத்தைக் கண்டு மூன்று வருஷம் ஓடினேனோ, அந்த இடம்.

அங்கே என்ன நடக்கும்? என் ஓரத்துச் சிப்பாயை ஓட விடுவேன். அது கடைசிக் கட்டம் போனால் ராணியாகிவிடும். அதனால் அவர் ராஜா துரத்திக்கொண்டு அந்த ஓரத்துக்குப் போக வேண்டும். போவார். பிடிப்பார். தின்பார். தின்னட்டும். அந்த நேரம் என் ராஜா வலது பக்கம் நடக்கும். அவர் என் சிப்பாயைத் தின்று முடிக்கும்போது, அவருடைய சிப்பாய்க் கூட்டத்தை எட்ட எனக்கு இன்னும் மூன்று அடி. அதைக் காப்பாற்ற அவர் திரும்பி வர ஐந்து அடி.

மூணு. அஞ்சு.

மறுபடி எண்ணினேன். மூணு, அஞ்சு. மேசைக்குக் கீழே விரலை மடக்கி மூன்றாவது தடவை எண்ணினேன்.

ஒரு ஓட்டை இருந்தது. அவர் யானையை வெட்டாமல் பின்வாங்கினால் நான் எண்ணினது எதுவும் நடக்காது. ஆட்டம் நீளும். நான் தடுமாறித் தோற்கவும் வாய்ப்பு உண்டு. அப்போது கோப்பை இல்லை.

நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவர் பலகையைப் பார்க்கவில்லை. சுவரில் ஒட்டிய முடிவுப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம் சார்," என்றேன்.

முதலில் அவருக்குக் கேட்கவில்லை. "ஆங்?"

"டிரா வேணாம் சார். ஆடலாம்."

"ரெண்டு பேருக்கும் கப்பு கெடைக்கும்மா," என்றார், தணிந்த குரலில், எனக்குப் புரியவில்லையோ என்கிற அக்கறையோடு.

"தெரியும் சார்."

யானையை எடுத்துக் குறுக்கே வைத்தேன். கடிகாரத்தைத் தட்டினேன். யானை கட்டத்துக்கு நடுவில்தான் நின்றது.

அவருக்கு நாலு நிமிஷம் இருந்தது. பத்து வினாடி கூட எடுக்கவில்லை. டக்கென்று வெட்டினார். நான் ராஜாவால் திருப்பி வெட்டினேன். 'யா' என்று தாளில் நான் எழுதிய கடைசி யானை அது.

அவர் ராஜா என் ஓரத்துச் சிப்பாயை நோக்கிக் கிளம்பியது. சிப்பாயைத் தள்ளினேன். அவர் இன்னும் ஒரு அடி வந்தார். மறுபடி தள்ளினேன். இன்னும் ஒரு அடி வந்தார். இனி அடுத்த நகர்த்தலில் சிப்பாய் அவருக்குத்தான். அதை அங்கேயே விட்டுவிட்டு, என் ராஜாவை எதிர்த் திசையில் ஒரு அடி நடத்தினேன்.

சிப்பாயைத் தின்னப் போன அவர் கை பாதி வழியில் நின்றது.

அவர் கண்கள் என் ராஜாவிடம் போயின. அங்கிருந்து வலது பக்கச் சிப்பாய்களுக்கு. அங்கிருந்து தன் ராஜாவுக்கு. அவர் எண்ணுகிறார் என்பது எனக்குத் தெரிந்தது. உதடு அசைந்தது. காது மடல் சிவந்தது. நாலு நிமிஷத்தில் மூன்று நிமிஷம் அப்படியே போயிற்று. பக்கத்து மேசைகளில் முடித்தவர்கள் ஒவ்வொருவராக வந்து எங்களைச் சுற்றி நின்றார்கள். யாரோ ஒருவரின் மூச்சு என் தலைக்கு மேல் கேட்டது.

தின்றார். வேறு வழியில்லை.

என் ராஜா நடந்தது. ஒரு அடி. அவர் திரும்பி ஓடி வந்தார். இரண்டு அடி. அவரும் இன்னொரு அடி. மூன்றாவது அடியில் நான் முதல் சிப்பாயைத் தின்றேன். அடுத்ததில் இரண்டாவதை. என்னிடம் மூன்று சிப்பாய். அவரிடம் ஒன்று. அதுவும் என் ராஜாவுக்கு எட்டுகிற தூரத்தில்.

தணிகாசலம் சார் கடிகாரத்தை நிறுத்தினார். எழுந்து நின்று கை நீட்டினார்.

"நான் ரிசைன்மா."

கை குலுக்கினேன். "தேங்க்ஸ் சார்" என்றேன். முடிவைத் தாளில் எழுதினேன். மிக அமைதியாக எழுந்து, மிக அமைதியாக நடந்து, பெண்கள் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, வாயை முழுசாகத் திறந்து, சத்தமே வராமல் கத்தினேன். நாற்பத்து ஐந்து வயதில், கம்பெனி டூர் போனபோது வாங்கிய சுடிதாரில், அங்கேயே இரண்டு தடவை குதித்தேன்.

போட்டி நடக்கும்போது போனை அணைத்து வெளியே ஒப்படைத்துவிட வேண்டும். அதைத் திரும்ப வாங்கி ஆன் செய்ததும் ஏழுமலையைக் கூப்பிட்டேன். அன்றைக்கு அவருக்கு ஷெட்டில் வேலை. பின்னால் இரும்பு தட்டுகிற சத்தம்.

"இன்னா தேவி, டிராவா?"

"ஜெயிச்சேன்."

"இன்னாது?"

"ஜெயிச்சேன்யா! டிரா கேட்டாரு, வேணாம்னுட்டேன். ஜெயிச்சேன்!"

"ஆராண்ட?"

"தணிகாசலம் சாராண்ட!"

 அவர் போனை வாயிலிருந்து எடுத்துவிட்டு யாரிடமோ கத்துவது கேட்டது. "மாமே! எம்பொண்டாட்டி ஜெயிச்சிட்டாடா! ஏய், அத்த நிறுத்துடா, எம்பொண்டாட்டி ஜெயிச்சிட்டா!" இரும்பு தட்டுகிற சத்தம் நின்றது. நாலைந்து ஆண்கள் ஒன்றாக "ஓஓஓ" என்று கூவினார்கள். அதில் பாதிப் பேருக்கு செஸ் என்றால் என்னவென்றே தெரியாது.

போர்டைக் கலைக்காதீங்க

பரிசளிப்பு எந்தப் போட்டியிலும் சொன்ன நேரத்துக்கு ஆரம்பிக்காது. தாளை எடுத்துக்கொள்ள உள்ளே திரும்பினேன். தொண்டர் ஒருவர் காய்களைப் பையில் அள்ளிக்கொண்டே வந்தார். எங்கள் மேசைக்கு வந்ததும், "தம்பி, இந்த போர்டைக் கலைக்காதீங்க," என்று ஒரு குரல் தடுத்தது.

தணிகாசலம் சார் போகவில்லை. அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யானைகளைத் திரும்ப எடுத்து, அவர் செக் கொடுத்த அந்த நிலையை மறுபடி அடுக்கி வைத்திருந்தார்.

"ஒரு அஞ்சு நிமிஷம் உக்காருங்களேன்," என்றார். "எனக்கு இதக் கொஞ்சம் காட்டுங்க. நான் எங்க வுட்டேன்?"

எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் ஆட்டம் முடிந்ததும் எனக்கு விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். நான் எங்கே தப்பு செய்தேன் என்று எட்டு வயசுப் பெண் முதல் ரிட்டயர்டு வாத்தியார் வரை சொல்லியிருக்கிறார்கள். யாரும் என்னைக் கேட்டதில்லை.

"யானைய நீங்க வெட்டியிருக்கக் கூடாது சார்," என்றேன். "பின்னால இழுத்திருந்தா என்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. டிராதான்."

"என் ராஜா உங்க சிப்பாயப் புடிச்சிடும்னு நெனச்சேன்."

"புடிச்சிருச்சே சார். அது உங்களுக்காக வெச்சதுதான்."

அவர் தன் ராஜாவை ஓரத்துக்கு நடத்தினார். தின்றார். திரும்பினார். நான் என் ராஜாவை நடத்தினேன். மறுபடி ஆரம்பத்திலிருந்து வைத்தார். இந்த முறை வேறு வழியாகத் திரும்பிப் பார்த்தார். அதிலும் ஐந்து அடிதான். "ஒன்னு, ரெண்டு, மூணு…" என்று வாய்விட்டே எண்ணினார். சுற்றி நின்றவர்களில் ஒருவர், "சார், சிப்பாய வுட்டுட்டு இங்கயே நின்னா?" என்றார். "நின்னா அது ராணியாயிடும்," என்று நானும் தணிகாசலம் சாரும் ஒரே நேரத்தில் சொன்னோம். சொல்லிவிட்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம்.

"இத்த எப்பப் பார்த்தீங்க?" என்று கேட்டார்.

"நீங்க டிரா கேட்டுட்டுத் தண்ணி குடிச்சீங்களே சார், அப்ப."

 அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பலகை மேல் குனிந்தார்.

மேடையில் மைக் எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. நான் அவருக்கு, யானையை எந்தக் கட்டத்துக்கு இழுத்திருந்தால் தப்பியிருக்கலாம் என்று காட்டிக்கொண்டிருந்தேன். என் பெயரை இரண்டு முறை கூப்பிட்டார்களாம். எனக்குக் கேட்கவே இல்லை.

"அம்மா, உங்களத்தான் கூப்பிடறாங்க. மொதல் கப்பு," என்றார் தணிகாசலம் சார், பலகையிலிருந்து கண்ணை எடுக்காமலே. "போய் வாங்கிகினு வாங்க. வந்து மிச்சத்தச் சொல்லுங்க. நான் இங்கதான் இருக்கேன்."

எழுந்தேன். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, நாற்காலிகளுக்கு நடுவே இருந்த வழியில் மேடையை நோக்கி நடந்தேன். எத்தனை அடி என்று எண்ணவில்லை.